ஹெவிவெயிட்டுக்கு ஏறிய சிறிய வீரரை எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ் எடைப்பிரிவில் கொடிகட்டிப் பறந்த ஒரு குத்துச்சண்டை வீரர் ஹெவிவெயிட்டுக்குப் போய்விட்டால், அதற்குப் பிறகு அவரைப் பற்றிய பேச்சு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. தோற்றால் "பாவம், சின்ன ஆள்". ஜெயித்தால் "மலையையே சாய்த்துவிட்டார்". இரண்டிலும் எதிரில் நின்றவர் யார், அன்று அவர் எந்த நிலையில் இருந்தார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடைகள் பவுண்டில், 1 பவுண்டு சுமார் 0.45 கிலோ.

ஹெவிவெயிட்னா எத்தனை கிலோ? மேல எல்லையே கிடையாதா?

தொழில்முறை குத்துச்சண்டையில் இன்று 200 பவுண்டுக்கு, அதாவது 90.7 கிலோவுக்கு, மேலே இருப்பவர்கள் எல்லாரும் ஹெவிவெயிட். மேல் எல்லை கிடையாது. அதற்குக் கீழே 200 வரை குரூசர்வெயிட், 175 வரை லைட் ஹெவிவெயிட், 168 வரை சூப்பர் மிடில்வெயிட், 160 வரை மிடில்வெயிட். உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 2020-இல் 200-க்கும் 224-க்கும் நடுவே பிரிட்ஜர்வெயிட் என்று ஒன்றைப் புகுத்தியது. பெரிய வீரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

200-க்குக் கீழே இருக்கும் ஒருவரும் விரும்பினால் ஹெவிவெயிட்டில் மோதலாம். மற்ற பிரிவுகளில் எல்லைக்கோடு உங்களைப் பெரிய ஆளிடமிருந்து காக்கும். இங்கே அந்தக் காவல் இல்லை.

20, 30 பவுண்டு வித்தியாசம் அவ்வளவு பெரிய விஷயமா? வேகமா இருக்கிறவன் ஜெயிச்சிட மாட்டானா?

முதல் நான்கு சுற்றில் வேகம்தான் தெரியும். எடை தெரிவது அதற்குப் பிறகு. பெரிய ஆள் கட்டிப்பிடித்துத் தோளில் சாய்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தப் பாரத்தைச் சிறியவரின் கால்கள் தாங்க வேண்டும். நீண்ட கையின் ஜாபை (முன்னே நிற்கும் கையால் நேராக விடும் குத்து) தாண்டி உள்ளே போக ஒவ்வொரு தடவையும் விலை கொடுக்க வேண்டும். கீழ்ப்பிரிவில் ஆட்களைச் சாய்த்த அதே குத்தை இங்கே வாங்கிக்கொண்டு எதிராளி முன்னே நடந்து வருவார். அதனால் மேலே போனவர்களின் நாக்அவுட் விகிதம் பெரும்பாலும் இறங்கும். இது அவர்களின் திறமை குறைந்ததற்கு அடையாளம் அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. இடைவெளியைக் குறைக்க உடம்பில் தசை ஏற்றினால், அந்தத் தசைக்கும் மூச்சு வேண்டும். 12 சுற்றும் துள்ளிக்கொண்டிருந்தவர் 8-ஆம் சுற்றில் தட்டையான காலோடு நிற்பதைப் பார்க்கலாம். எவ்வளவு ஏற்றினார் என்பதைவிட, ஏற்றிய பிறகும் தன் பழைய ஆட்டத்தை ஆட முடிந்ததா என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

சரி, யாரெல்லாம் மேல போய் உண்மையிலேயே ஜெயிச்சிருக்காங்க?

மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் 1897-இல் நெவாடாவின் கார்சன் சிட்டியில் ஜேம்ஸ் கார்பெட்டைச் சாய்த்து ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அன்று அவர் எடை சுமார் 167. இன்றைய கணக்கில் சூப்பர் மிடில்வெயிட். அடுத்த பெரிய மைல்கல் 1985: லைட் ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வைத்திருந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸ், லாரி ஹோம்ஸை வென்றார். பதவியில் இருக்கும் ஒரு லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஹெவிவெயிட் பட்டம் வென்றது அதுதான் முதல் முறை.

குரூசர்வெயிட்டிலிருந்து எவாண்டர் ஹோலிஃபீல்ட் (1990), டேவிட் ஹே (2009), ஒலெக்சாண்டர் உசிக் (2021). லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மைக்கேல் மூரர் (1994), ராய் ஜோன்ஸ் ஜூனியர் (2003). 1992 ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் வெள்ளி வென்ற கிறிஸ் பேர்டும் ஹெவிவெயிட் பட்டங்கள் வென்றார். அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தக் காலத்துல 180 பவுண்டு ஆளுங்களே ஹெவிவெயிட் சாம்பியனா இருந்தாங்களே, அப்ப இது என்ன பெரிய சாதனை?

சரியான கேள்வி. குரூசர்வெயிட் என்ற பிரிவே 1979 இறுதியில்தான் வந்தது. அப்போது அதன் எல்லை 190, 2003 வாக்கில்தான் 200 ஆனது. அதற்கு முன்பு 175-க்கு மேல் ஒரு பவுண்டு இருந்தாலும் ஹெவிவெயிட்தான். ராக்கி மார்சியானோ 185-க்குப் பக்கத்தில் இருந்தே சாம்பியனாக ஓய்வு பெற்றார். ஆகவே 1950-இல் "மேலே போவது" என்பதும் 2020-இல் மேலே போவதும் ஒரே பயணம் அல்ல.

லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறிய எஸார்ட் சார்ல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 ஜூனில் மார்சியானோவிடம் 15 சுற்று போராடித் தோற்றார். இருவருக்கும் எடை வித்தியாசம் வெறும் 2 பவுண்டு. அந்தத் தோல்விக்கு உருவத்தைக் காரணம் காட்ட முடியாது. காட்டினால் அது மார்சியானோவுக்குச் செய்யும் அநியாயம். அதே சார்ல்ஸ் 1950-இல் ஜோ லூயிஸை வென்றபோது லூயிஸ் 218, இவர் 184½. எடையைப் பார்த்தால் பிரமாண்டமான வெற்றி. ஆனால் லூயிஸுக்கு அப்போது 36 வயது, இரண்டாண்டு சண்டையே இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேல போய்த் தோத்ததை எல்லாம் கணக்குல சேர்க்கணுமா? அது நியாயமா?

சேர்க்க வேண்டும், ஆனால் தனிப் பக்கத்தில். பாப் ஃபாஸ்டர் 1970-இல் ஜோ ஃப்ரேஸியரிடம் இரண்டாவது சுற்றில் வீழ்ந்தார். 1972-இல் முகமது அலியிடம் எட்டாவது சுற்றில், அதற்குள் பலமுறை தரையைத் தொட்டு. ஆனால் லைட் ஹெவிவெயிட் பட்டத்தை 1968-இல் வென்றவர், 1974-இல் விலகும்வரை ஒருமுறைகூட ரிங்கில் அதை இழக்கவில்லை. ஃப்ரேஸியரின் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து), லைட் ஹெவிவெயிட் ஃபாஸ்டரைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. அவரால் ஹெவிவெயிட்டில் நிற்க முடியாது என்பதை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. அதையும் மறைக்கக் கூடாது.

லைட் ஹெவிவெயிட்டிலிருந்து ஏறிய பில்லி கான் வேறு வகை. 1941 ஜூனில் ஜோ லூயிஸுக்கு எதிராக 12 சுற்று முடிந்தபோது இரண்டு புள்ளி அட்டைகளில் அவர் முன்னிலை, மூன்றாவதில் சமம். அவர் எடை 174 என அறிவிக்கப்பட்டது, லூயிஸ் 199½. புள்ளியில் ஜெயித்துக்கொண்டிருந்தவர் 13-ஆம் சுற்றில் நாக்அவுட்டுக்கே ஆசைப்பட்டு உள்ளே போனார். விழுந்தவர் எழுவதற்குள், சுற்று முடிய 2 விநாடி இருக்கும்போது, நடுவர் பத்து எண்ணி முடித்தார். தோல்வி தோல்விதான். ஆனால் ஃபாஸ்டரின் தோல்வியும் கானின் தோல்வியும் ஒன்றா? ஒரு பெரிய ஆளுக்கு எதிராக 36 நிமிடம் முடிந்தபோது முன்னிலையில் இருந்தவரின் தோல்வியை, பல சராசரிப் பட்ட வெற்றிகளுக்கு மேலே வைப்பேன்.

ஹோலிஃபீல்ட் 10 தடவை தோத்திருக்காரு. அவரைப் போய் இவ்வளவு தூக்கி வைக்கிறீங்களே?

44 வெற்றி, 10 தோல்வி, 2 சமன். அந்தப் பத்தும் ஹெவிவெயிட்டில் வந்தவை. குரூசர்வெயிட்டில் அவர் தோற்கவே இல்லை. பத்தைப் பிரித்துப் பாருங்கள். ரிடிக் போவிடம் இரண்டு, மூரரிடம் ஒன்று, லெனாக்ஸ் லூயிஸிடம் ஒன்று, ஜான் ரூயிஸிடம் ஒன்று. மீதி ஐந்தும் 40 வயதைக் கடந்த பிறகு: பேர்ட், ஜேம்ஸ் டோனி, லாரி டொனால்ட், சுல்தான் இப்ராகிமோவ், நிகோலாய் வாலுயேவ். அவற்றில் பேர்டும் டோனியும் தாங்களே கீழ்ப்பிரிவிலிருந்து ஏறி வந்தவர்கள். அந்த இருவரிடம் தோற்றதற்கு உருவம் காரணமே அல்ல, வயதுதான்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், அவரைப் புகழ்பவர்கள் சொல்லும் காரணமும் சில இடங்களில் தவறு. 1996-இல் மைக் டைசனை 11-ஆம் சுற்றில் நிறுத்தினாரே (நடுவர் சண்டையை முடிக்கும் அளவுக்கு அடித்து வென்றாரே), அதைச் "சிறியவர் பெரியவரை வென்றார்" என்கிறார்கள். டைசன் அன்று 222, ஹோலிஃபீல்ட் 215. உயரத்தில் ஹோலிஃபீல்ட்தான் டைசனைவிட நாலைந்து அங்குலம் கூட. கட்டிப்பிடித்த ஒவ்வொரு முறையும் டைசனைப் பின்னுக்குத் தள்ளியவர் அவர். அந்த வெற்றி மகத்தானது, ஆனால் உருவத்துக்காக அல்ல. பந்தயச் சந்தை முழுக்க டைசன் பக்கம் நின்றபோது, ஒரு சண்டைத் திட்டத்தைக் கடைசிவரை நிறைவேற்றியதற்காக. 1990-இல் பஸ்டர் டக்ளஸிடமிருந்து பட்டம் பறித்தபோதோ எடை வித்தியாசம் 38 பவுண்டு. ஆனால் டைசனை வென்றபோது 231½ இருந்த டக்ளஸ், அன்று 246-ஓடு, பயிற்சி செய்யாத உடம்போடு வந்தார். ஆகவே எடை வித்தியாசம் மிகப் பெரியதாக இருந்த அந்த இரவு, அவருடைய சிறந்த இரவு அல்ல.

உருவத்தை மீறிய வெற்றி என்று நான் காட்டுவது 1993 நவம்பர். முந்தைய ஆண்டு தன்னைத் தோற்கடித்த போவை, அவர் ஏறக்குறைய 30 பவுண்டு கூடுதலாக இருந்தபோது, 31 வயதில் புள்ளியில் வென்றார். எதிராளி தோல்வியே காணாத சாம்பியன், இளையவர், உயரமானவர், நெருங்கி நின்று குத்தவும் தெரிந்தவர். அந்த ஒரு சண்டைக்காகவே ஹோலிஃபீல்டை ஹெவிவெயிட்டுகளின் முதல் வரிசையில் வைக்கலாம்.

ராய் ஜோன்ஸ் ஒரே ஒரு பட்டச் சண்டைக்காக மேல போனாரு. அதுக்கு எவ்வளவு மதிப்பு?

2003 மார்ச் 1, லாஸ் வேகாஸ். ஜோன்ஸ் 193, எதிராளி ஜான் ரூயிஸ் 226. ஜோன்ஸுக்கு ஒருமனதான தீர்ப்பு, சண்டை நெருக்கமாகக்கூட இல்லை. மிடில்வெயிட் பட்டத்தில் தொடங்கிய ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் தொட்டது ஃபிட்ஸ்சிம்மன்ஸுக்கு 106 ஆண்டுகள் கழித்து. 33 பவுண்டு கூடுதலான ஒருவரை, அதுவும் கட்டிப்பிடித்துச் சாய்ந்தே எதிராளியைக் களைக்க வைக்கும் ரூயிஸை, தொடவிடாமல் ஆடியது அபாரமான திறமை.

ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ரூயிஸை. அன்றைக்குப் பிரிவின் தலைவர் லெனாக்ஸ் லூயிஸ். ரூயிஸ் கையில் இருந்தது டபிள்யூபிஏ என்ற ஒரே அமைப்பின் பெல்ட் (பட்டம்) மட்டும். தனக்குப் பொருந்தும் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது குற்றம் அல்ல, இந்தத் தொழிலில் அது புத்திசாலித்தனம். அந்த வெற்றியை "ஹெவிவெயிட்டை வென்றார்" என்று எழுதாமல், "ஒரு ஹெவிவெயிட் சாம்பியனை வென்றார்" என்று எழுதினால் போதும். ஜோன்ஸின் பெருமை அதனால் குறையாது. அவருடைய உண்மையான உயரம் 168-இலும் 175-இலும் இருக்கிறது.

மேல போனதாலதான் ஜோன்ஸ் அழிஞ்சாருன்னு சொல்றாங்களே, உண்மையா?

மேலே போனது அல்ல, திரும்பி இறங்கியதுதான் என்று நானும் நினைக்கிறேன், ஆனால் முழுக் காரணமாக அல்ல. 193-இல் ரூயிஸோடு மோதியவர், எட்டு மாதத்தில் 175-க்கு இறங்கி அன்டோனியோ டார்வரைச் சந்தித்தார். ஜெயித்தார், ஆனால் கடைசிச் சுற்றுகளில் காலே இல்லை. 2004 மே மாதம் டார்வர் அவரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். செப்டம்பரில் கிளென் ஜான்சன் ஒன்பதாவதில். கொழுப்பைக் கரைப்பது ஒன்று, ஏற்றிய தசையைக் கரைப்பது வேறு.

பேர்டின் கதை இதே பாடத்தை இன்னும் கொடுமையாகச் சொல்கிறது. பல வருடம் ஹெவிவெயிட்டில் இருந்துவிட்டு 2008-இல் லைட் ஹெவிவெயிட்டுக்கு இறங்கினார். ஷான் ஜார்ஜிடம் ஒன்பதாவது சுற்றில் நிறுத்தப்பட்டார். இருந்தாலும் ஜோன்ஸுக்கு அப்போது 35 வயது என்பதை மறக்கக் கூடாது. அனிச்சை வேகத்தையே நம்பி, கையைத் தாழ்த்தி ஆடியவருக்கு அந்த வேகம் ஒரு இழை குறைந்தாலும் காவல் இல்லை. எடை அந்த நாளை முன்னுக்கு இழுத்திருக்கலாம். வராமலே இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்பிங்க்ஸ் 91 விநாடியில விழுந்தாரே. அதுக்கு அப்புறம் அவர் ஹெவிவெயிட் வாழ்க்கையில என்ன மிச்சம்?

நிறைய மிச்சம். 1985-இல் ஹோம்ஸ் 48 சண்டையும் வென்றவர். இன்னொன்று ஜெயித்தால் மார்சியானோவின் 49-0-ஐ (49 வெற்றி, தோல்வியே இல்லை) எட்டியிருப்பார். அவர் 221½, ஸ்பிங்க்ஸ் 200. விசித்திரமான கோணங்களிலிருந்து குத்தி 15 சுற்றில் தீர்ப்பை வாங்கினார். ஹோம்ஸுக்கு 35 வயது, உச்சம் தாண்டியவர் என்பதும் உண்மை.

1988-இல் டைசனோ 218, ஸ்பிங்க்ஸ் 212. ஆறு பவுண்டு வித்தியாசம்தான். உயரத்தில் ஸ்பிங்க்ஸ் கூடுதல். இருபது பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்த ஆளை வென்றவர், ஆறு பவுண்டு வித்தியாசத்தில் 91 விநாடிதான் நின்றார். உருவம்தான் எல்லாம் என்பவர்கள் இந்த இரண்டு சண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று அவரை வீழ்த்தியது டைசனின் உச்சகட்ட வேகமும் உக்கிரமும். அது எந்த ஹெவிவெயிட்டுக்கும் நேர்ந்திருக்கும்.

ஏழடி ஆளை ஜெயிச்ச டேவிட் ஹே பெரிய சாதனையாளர் இல்லையா?

2009-இல் நியூரம்பெர்கில் நிகோலாய் வாலுயேவ் 316, ஹே 217. சுமார் 100 பவுண்டு இடைவெளி. புகைப்படத்தில் இதைவிட வியப்பான வெற்றி கிடையாது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பு, 2008 டிசம்பரில், 46 வயது ஹோலிஃபீல்ட் அதே வாலுயேவோடு 12 சுற்று ஆடி, பலர் கண்ணுக்கு வென்றதாகவே தோன்றிய சண்டையைப் பெரும்பான்மைத் தீர்ப்பில் (இரு நடுவர்கள் எதிராளிக்கு, ஒருவர் சமன்) இழந்தார். வாலுயேவ் மிக மெதுவானவர்; நகரும் கால் உள்ள எவருக்கும் அந்த உருவம் ஒரு வாய்ப்பு.

உருவத்தோடு திறமையும் சேர்ந்திருந்த விளாடிமிர் கிளிச்கோவிடம் ஹே 2011-இல் ஒருமனதாகத் தோற்றார். எடை இடைவெளி அங்கே மிகக் குறைவு, கடினம் மிக அதிகம். ஹேயை நல்ல ஹெவிவெயிட் என்பேன். அவருடைய பெரிய வேலை குரூசர்வெயிட்டில் முடிந்துவிட்டது.

தீர்ப்பு சர்ச்சையா இருந்தா அதை வெற்றின்னு எடுத்துக்கலாமா?

பதிவேட்டில் வெற்றி, மதிப்பீட்டில் சமன். 1986-இல் ஸ்பிங்க்ஸ் ஹோம்ஸை இரண்டாம் முறை பிளவுத் தீர்ப்பில் (இரு நடுவர்கள் இவருக்கு, ஒருவர் எதிராளிக்கு) வென்றதை அப்படித்தான் வைக்கிறேன். பேர்ட் 2000-இல் விட்டாலி கிளிச்கோவை வென்றதும் இதே அலமாரியில்தான்: புள்ளியில் பின்தங்கியிருந்தார், கிளிச்கோ தோள்காயத்தால் ஒன்பதாம் சுற்றுக்குப் பின் விலகினார்.

ஊக்கமருந்து? சின்ன ஆள் திடீர்னு இவ்வளவு தசையோட வந்தா சந்தேகம் வராதா?

வரும். ஆனால் சந்தேகம் ஆதாரம் ஆகாது. சோதனையில் சிக்கியதைக் கணக்கில் எடுக்கிறேன். உடம்பைப் பார்த்து ஊகிப்பதை எடுப்பதில்லை. 2005-இல் டோனி ரூயிஸை வென்ற பிறகு ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார், முடிவு ரத்தானது. மிடில்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் பெல்ட் தொட்ட அந்த இரவு அவர் கணக்கில் இல்லை. அதற்கு முன்பு ஹோலிஃபீல்டை நிறுத்தியது இருக்கிறது, மேலே சொன்ன வயதுக் குறிப்போடு.

உசிக் ஆறடி மூணு அங்குலம். அவரை எப்படி "சின்ன ஆள்"னு சொல்றது?

எடைப்பார்ப்பு எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இவரே சாட்சி. கீழ்ப்பிரிவினர் எடை பார்ப்பதற்காக உடம்பின் நீரை வற்றவைத்து, மறுநாளுக்குள் பல பவுண்டு திரும்ப ஏறிவிடுவார்கள். ஹெவிவெயிட்டுகளுக்கு அந்தத் தேவையே இல்லை. ஆகவே 200-இல் நின்ற உசிக், ரிங்கில் 200 அல்ல. ஐந்தடி பதினொரு அங்குல ஜோன்ஸ் ஏறியதும் இவர் ஏறியதும் ஒரே ஏணி அல்ல.

ஆனால் எதிரில் நின்றவர்களைப் பாருங்கள். 2021-இல் ஆந்தனி ஜோஷுவா 240, உசிக் 221. 2024 மே மாதம் டைசன் ஃபியூரி 262, உசிக் 223. டிசம்பரில் ஃபியூரி 281, உசிக் 226. ஃபியூரி ஆறடி ஒன்பது அங்குலம், நகரவும் தெரிந்தவர், வாலுயேவ் அல்ல. மூன்றிலும் வென்றவர் உசிக். இத்தனைக்கும் தன் ஆட்டத்தை அவர் மாற்றவில்லை. குரூசர்வெயிட்டில் ஆடிய அதே இடதுகை நிலை, அதே ஓயாத கால், 12-ஆம் சுற்றிலும் குறையாத குத்து எண்ணிக்கை. இரண்டாவது கேள்வியில் சொன்ன தசைச் சிக்கலை இவரளவுக்குத் தீர்த்தவர் யாரும் இல்லை.

கடைசியா, ஹோலிஃபீல்டா உசிக்கா?

இருவரும் ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் (1984 வெண்கலம், 2012 தங்கம்), இருவரும் இரண்டு பிரிவிலும் முக்கியப் பட்டங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கையில் வைத்திருந்த சாம்பியன்கள். ஏறிய விதத்தில் உசிக் மேலே. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது சுற்றில் வீழ்த்தியபோது 24-0. எந்தப் பெரிய ஹெவிவெயிட்டிடமும் தோற்கவில்லை. ஆனால் சந்தித்த ஆட்களின் ஆழத்தில் ஹோலிஃபீல்ட் மேலே: ஃபோர்மன், ஹோம்ஸ், போவோடு மூன்று முறை, மைக் டைசன், லெனாக்ஸ் லூயிஸ், மூரர் ஆகியோரோடு தலா இரண்டு முறை. ஹெவிவெயிட் வாழ்க்கை என்று மட்டும் கேட்டால் இன்றும் ஹோலிஃபீல்டையே ஒரு படி முன்னே வைப்பேன். இரண்டு பிரிவையும் சேர்த்துக் கேட்டால் உசிக்கை.

வெம்ப்ளியில் உசிக்குக்கு 38 வயது. இனி அவர் எப்போதாவது தோற்றால், ஹோலிஃபீல்டின் 40-க்குப் பிந்தைய ஐந்து தோல்விகளை எந்தக் கணக்கில் வைத்தோமோ அதே கணக்கில்தான் அதையும் வைக்க வேண்டும்.